பழைய கித்தார்

பிறர் வாசித்துப் பழகிய வாத்தியம் ஒன்றை விலைகொடுத்து வாங்கலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் அவ்வப்போது எழுவதுண்டு. வீணையைப் பொறுத்தவரையில் இக்கேள்விக்கு நாம் தயங்காமல் விடை சொல்லிவிடுகிறோம். பாட்டி வாசித்த வீணை பேத்திக்கு வருவதைப் பெருமையாகவே கருதுகிறோம். பலாமரத்தில் குடைந்த பழைய தஞ்சாவூர் வீணையைக் கண்டால், அதன் வயதைக் கேட்டு வியக்கிறோமே அல்லாமல், பழையது என்று ஒதுக்குவதில்லை. ஆனால் கித்தாரைப் பற்றிப் பேச்சு வரும்பொழுது நம் மனம் மாறிவிடுகிறது. பளபளக்கும் புதிய வாத்தியத்தைக் கடையிலிருந்து வாங்கிவிடுவதே பத்திரம் என்று எண்ணுகிறோம். இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் சரியென்பதை இன்று சற்று ஆராய்ந்து பார்ப்போம். சில ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் ஒரு பழைய கித்தாரை வாங்கி, டில்லிக்கு உடன் கொண்டுவந்து, அதனால் பல இன்பங்களையும் ஒரு பெருங்கவலையையும் அடைந்தவர்கள் நாங்கள். அவ்வனுபவமே இப்பேச்சுக்கு ஆதாரம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் கித்தார்களில் இரண்டு ஜாதிகள் உண்டு. ஒன்று, ஒட்டுப்பலகையால் ஆனது. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அழுத்திச் செய்த பலகை அது. மற்றொன்று, மரத்தை அறுத்துச் செதுக்கிய முழுப் பலகையால் ஆனது. ஒட்டுப்பலகைக் கித்தார் விலை மலிவானது. வெயிலுக்கும் மழைக்கும் அவ்வளவாக அஞ்சாதது. கற்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு ஏற்றது. அதனை இகழ வேண்டியதில்லை. ஆனால் நாதத்தின் நிறைவை நாடுவோர் முழுப் பலகைக் கித்தாரையே தேடுகின்றனர். அது புதிதாக வாங்கினால் நடுத்தரக் குடும்பத்தின் சக்திக்கு எளிதில் எட்டுவதில்லை. ஆகவேதான் பிறர் கைப்பட்ட வாத்தியத்தை நாட நேருகிறது.

முழுப் பலகைக்கு ஏன் இத்தனை மதிப்பு? இதனை அறியக் கித்தாரின் உறுப்புகளை அறிதல் வேண்டும். வீணைக்கு உரிய சொற்களே இதற்கும் பெரும்பாலும் பொருந்துகின்றன. கையில் பிடிக்கும் நீண்ட பகுதி தண்டி. அதில் பதித்த உலோகக் கம்பிகள் மெட்டுகள். தந்திகளை முறுக்கும் திருகுகள் பிருடைகள். தண்டியின் தலைப்பில் தந்திகள் படிந்து செல்லும் சிறு தடுப்பு மேரு. குடத்தின் மீது தந்திகளைத் தாங்கி நிற்பது குதிரை. இக்குதிரை ஒட்டப்பெற்றிருக்கும் மேல்பலகையே கித்தாரின் உயிர். எஃகுத் தந்திகள் ஆறும் சுருதி சேர்க்கப்பட்ட நிலையில், ஏறக்குறைய 70 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் குதிரையை இழுத்துக்கொண்டிருக்கின்றன. வளர்ந்த மனிதர் ஒருவரின் எடை அது. இவ்விசையைத் தாங்கும் மேல்பலகையின் கனமோ சுமார் 3 மில்லிமீட்டர்தான். தடித்த பலகை விசையைத் தாங்கும், ஆனால் அதிராது. மெல்லிய பலகை அதிரும், ஆனால் தாங்காது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி காண்பதே கித்தார் செய்யும் தச்சனின் கலை.

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையே பெரும்பாலும் பயன்படுத்துவர். நம் இமயமலைச் சரிவுகளிலும் அதன் இனத்தைச் சேர்ந்த மரங்கள் வளர்கின்றன. எடையில் குறைந்து உறுதியில் மிகுந்தது அம்மரம். மேல்பலகையே முதன்மையானது என்பதைக் காட்ட ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் ஒருவர் விசித்திரமான சோதனை ஒன்றைச் செய்தார். அன்டோனியோ தெ டோரஸ் என்பது அவர் பெயர். 1817-ல் பிறந்து 1892-ல் மறைந்த அவர், இன்றைய கித்தாரின் வடிவத்தை வகுத்தவராக மதிக்கப்படுகிறார். 1862-ல் அவர் ஒரு கித்தாரைச் செய்தபொழுது, அதன் முதுகையும் விலாப்புறத்தையும் காகிதக் கூழ் அட்டையால் அமைத்தார். மேல்பலகைக்கு மட்டும் நல்ல மரத்தையே வைத்தார். அக்கித்தார் இன்றும் பார்சிலோனா நகரின் இசைப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

டோரஸின் கித்தார் ஆட்டுக்குடல் நரம்பைத் தந்தியாகக் கொண்டது. எஃகுத் தந்திக் கித்தாரின் கதை வேறு. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரெடரிக் மார்ட்டின் என்ற தச்சர் 1833-ல் அமெரிக்காவுக்குக் குடியேறினார். பின்னர் பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத் என்னும் ஊரில் தம் பட்டறையை நிலைநாட்டினார். மேல்பலகையின் உட்புறத்தில் பெருக்கல் குறி போல் இரண்டு சட்டங்களைக் குறுக்கே பொருத்தும் முறை 1840-களில் அமெரிக்கக் கித்தார்களில் தோன்றி, அவர் பட்டறையின் சிறப்பாக விளங்கியது. அப்பொழுது எஃகுத் தந்தி வழக்கில் இல்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டில் எஃகுத் தந்தி வந்தபொழுது, அதன் பெருவிசையைத் தாங்குவதற்கு அந்தப் பழைய அமைப்பே கைகொடுத்தது.

நம் நாட்டில் இவ்வாத்தியம் தனக்கென ஒரு வழியை அமைத்துக்கொண்டது. இதில் கல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. ஹவாய்த் தீவில் வளர்ந்த தாவ் மோ என்ற கலைஞர் 1940-களில் தம் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கியிருந்தார். கித்தாரை மடியில் படுக்கவைத்து, உலோகத்துண்டு ஒன்றைத் தந்திகளின்மேல் வழுக்கி வாசிக்கும் ஹவாய் முறை அங்கே வேரூன்றியது. வங்காளிக் குடும்பங்கள் அதனை ரவீந்திர சங்கீதத்துக்கு ஏற்றதாகக் கண்டு போற்றின. குரலின் நெளிவுகளை மெட்டுகளின் தடையின்றிக் காட்டவல்லது அம்முறை. பிரிஜ் பூஷண் காப்ரா அதே முறையில் ஹிந்துஸ்தானி ராகங்களை வாசித்தார். 1967-ல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகிய இருவரோடு சேர்ந்து அவர் வாசித்த இசைத்தட்டு உலகெங்கும் பரவியது. விசுவமோகன் பட் அவ்வழியில் மேலும் சென்று, தாம் மாற்றியமைத்த கித்தாருக்கு மோகன வீணை என்று பெயரிட்டார். அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் வாசித்ததற்காக 1994-ல் கிராமி விருதும் பெற்றார்.

கல்கத்தாவில் லால்பஜார் பக்கத்தில், முன்பு சித்பூர் சாலை என்றும் இப்பொழுது ரவீந்திர சரணி என்றும் வழங்கும் தெருவில், வாத்தியக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. நாங்கள் அங்கேதான் முதலில் சென்றோம். பார்த்தவை பல, கைக்கு அடங்கியவை சில, பைக்கு அடங்கியது ஒன்றும் இல்லை. பின்னர் நண்பர் ஒருவரின் வாய்ச்சொல்லால், ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவரின் வீட்டுக்குப் போனோம். அவர் தம் மகளுடன் வசிப்பதற்காக வெளிநாடு செல்லவிருந்தார். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்தன. கித்தார் மட்டும் கட்டிலின்மேல் தனியே கிடந்தது. உள்ளே ஒட்டியிருந்த சீட்டின் எழுத்து அழிந்துபோயிருந்தமையால், செய்தவர் யாரென்று தெரியவில்லை. மேல்பலகை வயதினால் தேன் நிறம் பெற்றிருந்தது. முதுகு ஈட்டி மரம்.

விலை என்னவென்று நாங்கள் கேட்டோம். அதற்கு அவர் உடனே விடை சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அமரச்செய்து, வாத்தியத்தின் குற்றங்களைக் கூறத் தொடங்கினார். "என் தந்தை இதை ஹவாய் முறையில் வாசித்தார். தந்திகளை உயர்த்துவதற்காக மேருவின்மேல் ஓர் இரும்புத் தொப்பியை மாட்டியிருந்தார். அதன் வடு இதோ தெரிகிறது. குதிரை ஒருமுறை பெயர்ந்து, திரும்ப ஒட்டப்பட்டது. முதல் ஐந்து மெட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டியிருக்கும். இவ்வளவையும் கேட்ட பிறகும் வேண்டுமென்றால் எட்டாயிரம் ரூபாய் கொடுங்கள்" என்றார். நாங்கள் பேரம் பேசவில்லை. குற்றத்தை முன்னே சொன்னவரிடம் பேரம் பேச மனம் வரவில்லை.

எல்லோருக்கும் இத்தகைய விற்பனையாளர் வாய்ப்பது அரிது. ஆகையால் வாங்குபவரே சோதித்து அறிய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மேல்பலகையின் நடுவே உள்ள வட்டத் துளையின் விளிம்பைப் பாருங்கள். பலகையின் மேலே ஓடும் ரேகைகள் விளிம்பின் கனத்திலும் இறங்கித் தொடர்ந்தால் அது முழுப் பலகை. விளிம்பில் அடுக்கு அடுக்காகக் கோடுகள் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. அடுத்து, மெல்லிய காகிதம் ஒன்றைக் குதிரையின் பின்விளிம்பின்கீழ் நுழைத்துப் பாருங்கள். காகிதம் நுழையுமானால் குதிரை பெயரத் தொடங்கிவிட்டது என்று பொருள். மேல்பலகை குதிரையின் பின்னால் சிறிதளவு புடைத்திருப்பது இயல்பே. தந்தியின் இழுப்பினால் வருவது அது. மிகுதியாகப் புடைத்தும், துளைக்கு அருகே குழிந்தும் இருந்தால் உட்சட்டங்கள் விட்டிருக்கலாம்.

பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். தடித்த தந்தி இரண்டரை மில்லிமீட்டர் அளவில் நின்றால் விரல்களுக்கு இதமாக இருக்கும். அதற்கு மிகவும் மேலே நின்று, குதிரையின்மேல் உள்ள எலும்புத் துண்டும் முன்பே தேய்க்கப்பட்டுத் தாழ்ந்திருக்குமானால், தண்டியின் சாய்வே மாறிவிட்டது என்று அறியலாம். தண்டியைக் கழற்றிச் சாய்வைத் திருத்தி மீண்டும் பொருத்துவது பெரிய வேலை. அதற்கான செலவு சிலசமயம் வாத்தியத்தின் விலையையே எட்டிவிடும். இறுதியாக, ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டையும் அழுத்தி மீட்டிப் பாருங்கள். கரகரப்பு எங்கே எழுகிறதோ அங்கே மெட்டு தேய்ந்தோ தூக்கியோ இருக்கும். கீறலும் நிறமாற்றமும் பொருட்படுத்தத் தக்கவையல்ல. அவை அழகுக் குறைகள். மேலே சொன்னவை உடற்குறைகள்.

இனி எங்களுக்கு நேர்ந்த கவலையைச் சொல்லுவோம். கல்கத்தாவில் கித்தாருக்கு ஒரு குறையும் வரவில்லை. மழைக்காலத்தில் மட்டும் பலகை சற்று உப்பித் தந்திகள் உயர்ந்து நிற்கும். ஐப்பசி பிறந்ததும் தானே அடங்கிவிடும். பின்னர் உத்தியோக நிமித்தம் டில்லிக்கு மாற்றலாயிற்று. நாங்கள் வந்து சேர்ந்தது தை மாதம். பெட்டியை விட்டு எடுத்த கித்தாரை, எப்பொழுதும் கைக்கு எட்டட்டும் என்று பீரோவின்மேல் சாய்த்துவைத்தோம். சித்திரை போய் வைகாசி வந்தது. லூ என்று அங்கே சொல்லும் அனற்காற்று வீசத் தொடங்கிற்று. ஒரு நாள் பிற்பகல் அறையில் யாரும் இல்லாதபொழுது, சுள்ளி ஒடிவதுபோல் ஓர் ஓசை கேட்டது. ஓடிச்சென்று பார்த்தோம். குதிரையின் பின்னாலிருந்து அடிவிளிம்புவரை, ஒரு சாண் நீளத்துக்கு மேல்பலகை பிளந்திருந்தது.

அன்று எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாயிரம் ரூபாயை எண்ணி வருந்தினோம் என்று சொன்னால் அது பாதி உண்மையே. மூன்று தலைமுறை காப்பாற்றிய பொருளை மூன்றே மாதத்தில் கெடுத்துவிட்டோமே என்ற எண்ணம்தான் அதிகமாக வருத்திற்று.

மறுநாள் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் பார்த்தார், சிரித்தார். "இதற்கா இவ்வளவு வருத்தம்? மரத்தூளையும் பசையையும் கலந்து அடைத்து, மேலே கனமாக வார்னிஷ் பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆறாயிரத்துக்கு நானே விற்றுத் தருகிறேன். நீங்கள் புதிது ஒன்று வாங்கிக்கொள்ளலாம்" என்றார். உண்மையைச் சொல்லுகிறோம்: அந்த யோசனை எங்களுக்கு அப்பொழுது பிடித்துத்தான் இருந்தது. வாத்தியத்தை அங்கேயே விட்டுவிட்டு வரவும் இசைந்துவிட்டோம். வாசற்படி இறங்கும்பொழுதுதான், விலையைச் சொல்வதற்கு முன் குற்றங்களைச் சொன்ன கல்கத்தாப் பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் எங்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவரிடமிருந்து வந்த வாத்தியத்தை நாங்கள் வேறொருவரிடம் மறைத்துத் தருவதா? திரும்பிச் சென்று கித்தாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

விசாரித்ததில், சிதார் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் பழைய டில்லியின் சந்து ஒன்றில் இருப்பதாகத் தெரிந்தது. அவர் பிளவின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, எங்களைக் கடிந்துகொள்ளவும் இல்லை, தேற்றவும் இல்லை. "மரம் தாகத்தால் வெடித்திருக்கிறது. முதலில் தண்ணீர் காட்ட வேண்டும், பசையெல்லாம் பிறகுதான்" என்றார். தந்திகளைத் தளர்த்தச் சொன்னார். ஈரமான பஞ்சைத் துளையிட்ட சோப்புப் பெட்டியில் வைத்து, மரத்தில் ஈரம் நேரே படாதபடி கித்தாரின் உள்ளே தொங்கவிட்டு, வாத்தியப் பெட்டியை மூடிவைத்தார். பத்து நாள் கழித்துச் சென்று பார்த்தபொழுது, பிளவு தானாகவே மூடி மயிரிழையாக ஆகியிருந்தது. அதற்குப் பிறகே அதில் சூடான வச்சிரப் பசையைச் செலுத்தினார். உட்புறத்தில், பிளவுக்குக் குறுக்கே, அரையணா அளவுள்ள மெல்லிய மரச்சில்லுகள் நான்கை வரிசையாக ஒட்டினார். மேலே வார்னிஷ் பூசவில்லை. "பிளவு இருந்தது என்பது தெரியட்டும், திரும்பவும் விரிகிறதா என்று நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க அது உதவும்" என்பது அவர் கருத்து. கூலி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

வச்சிரம் என்பது விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழம் பசை. நம் தச்சர்கள் நெடுங்காலமாக அறிந்தது. இன்றைய பசைகள் இதனினும் எளியவை. ஆயினும் வாத்தியத் தச்சர்கள் வச்சிரத்தை விடாததற்குக் காரணம் உண்டு. அது காய்ந்தபின் கண்ணாடிபோல் இறுகி, அதிர்வை விழுங்காமல் நிற்கும். வெப்பமும் ஈரமும் காட்டினால் மீண்டும் இளகும். நாளை வேறொரு தச்சன் இவ்வாத்தியத்தைத் திறக்க நேர்ந்தால், மரத்தைப் பிய்க்காமல் திறக்க முடியும்.

இப்பிளவு ஏன் ஏற்பட்டது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். மரம் வெட்டப்பட்ட பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை உண்டும் உமிழ்ந்தும் வருகிறது. ஈரம் மிகுந்தால் உப்பும், குறைந்தால் சுருங்கும். இச்சுருக்கம் ரேகைக்குக் குறுக்கே மிகுதியாகவும், ரேகையின் நீளவாட்டில் மிகமிகக் குறைவாகவும் நிகழும். மேல்பலகையோ ரேகைக்குக் குறுக்கே சுருங்க முயலுகிறது. அதன்மேல் குறுக்காக ஒட்டப்பட்டுள்ள குதிரையும் சட்டங்களும் அவ்வளவு சுருங்குவதில்லை. ஒன்று சுருங்க, மற்றொன்று விடாமல் பிடிக்க, இடையே பலகை பிளந்துவிடுகிறது. ஒட்டுப்பலகையில் தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்து ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதால் இவ்வாறு பிளப்பதில்லை. எந்தத் தளர்ச்சியினால் முழுப் பலகை நன்றாக அதிருகிறதோ, அந்தத் தளர்ச்சியே அதன் பலவீனமாகவும் அமைகிறது.

கல்கத்தாவில் மழைமாதங்களில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைக் கடந்து நிற்கும். டில்லியின் கோடைப் பிற்பகலிலோ 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்குவதுண்டு. கித்தாருக்கு ஏற்றது 45 முதல் 55 விழுக்காடு வரையில். ஈரப்பதமானி என்னும் சிறு கருவி இப்பொழுது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதனை வாத்தியப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் கவலையில் பாதி தீர்ந்தது. வறண்ட காலத்தில் ஈரப் பஞ்சும், மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் பெட்டிக்குள் இருக்கட்டும். வாசிக்காத நேரமெல்லாம் வாத்தியம் பெட்டிக்குள் இருக்கட்டும். வடநாட்டு வீடுகளில் கோடைக்கு வைக்கும் கூலர் காற்றில் ஈரத்தைச் சேர்க்கிறது. அறைக்கு அது நன்மையே. ஆனால் அதன் நேர்முகத்தில் கித்தாரை வைக்கலாகாது. வெயிலில் மூடி நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் ஒருபொழுதும் விட்டுவைக்கலாகாது. அவ்வெப்பத்தில் வச்சிரம் இளகி, தந்தியின் இழுப்பினால் குதிரையே பெயர்ந்துவிடும்.

வாசிப்பைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். வைத்துப் பார்ப்பதற்காக நாம் இதனை வாங்குவதில்லை அல்லவா? எஃகுத் தந்தி முதல் சில வாரங்களுக்கு விரல் நுனிகளை வருத்தும். நாள்தோறும் கால் மணி, அரை மணி என்று விடாமல் பழகினால் நுனித்தோல் காய்த்து வலி நீங்கும். ஒரே நாளில் மூன்று மணி வாசித்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுப்பதில் பயனில்லை. தந்திகளைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுவதும், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதும் வழக்கமாக வேண்டும். கல்கத்தாவில் மழைக்காலத் தந்திகள் ஆறு வாரத்துக்குள் துருவேறியதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கர்நாடக சங்கீதத்தில் பழகிய செவிக்குக் கித்தார் முதலில் சற்று அந்நியமாகவே ஒலிக்கும். வீணையிலும் ஸ்தாயி ஒன்றுக்கு 12 மெட்டுகளே உள்ளன, கித்தாரிலும் அவ்வாறே. ஆனால் வீணை மெட்டுகள் மெழுகின்மேல் அமைந்தவை. செவிக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். கித்தார் மெட்டுகள் மரத்தில் அறைந்தவை. கணக்கின்படி ஸ்தாயியைச் சமமான 12 பங்குகளாகப் பிரித்தவை. தந்தியும் இறுகி நிற்பதால் வீணையைப் போலத் தாராளமாக இழுத்துக் கமகம் காட்டுவது கடினம். ஆகையால் இதற்கு இயல்பானவற்றிலிருந்து தொடங்குவதே அறிவுடைமை. முத்துஸ்வாமி தீக்ஷிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு ஸாஹித்தியம் அமைத்த நோட்டு ஸ்வரங்கள் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் எளிமையாக நடப்பவை, கமகத்தை வேண்டாதவை. அவற்றை வாசித்தபொழுது, ஆசிரியர் இல்லாமலே எங்கள் வீட்டுக் குழந்தைகள் பின்னால் நின்று பாடத் தொடங்கினார்கள். பாடுவோரின் சுருதிக்கு ஏற்ப உயர்த்திக்கொள்ளத் தண்டியில் மாட்டும் கேப்போ என்ற பிடிப்பு பெரிதும் துணைசெய்கிறது.

பழைய மரம் புதிய மரத்தினும் இனிமையாக ஒலிக்குமா என்று கேட்பவர் உண்டு. காலப்போக்கில் மரத்திலுள்ள சில பொருள்கள் சிதைந்து, மரம் இலேசாகி, ஈரத்தை முன்போல் உறிஞ்சாத நிலையை அடைவது உண்மை. ஆனால் பழையன எல்லாம் நல்லன என்று முடிவுகட்டுவது தவறு. மோசமாகச் செய்த கித்தார் ஐம்பது ஆண்டு கழிந்தாலும் மோசமான கித்தாரே. நன்றாகச் செய்ததையே மக்கள் போற்றிப் பாதுகாத்தனர். ஆகவே பழையவற்றுள் நம் கைக்கு எஞ்சி வருபவை பெரும்பாலும் நல்லவை. முதுமைக்கு நாம் தரும் புகழில் ஒரு பங்கு இத்தேர்வுக்கு உரியது.

பழைய வாத்தியத்தைப் பேணுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. எங்கள் கித்தாரின் முதுகு ஈட்டி மரம் என்று சொன்னோம். தோதகத்தி என்றும் அதனை வழங்குவர். நீலகிரி, வயநாடு, குடகு முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் வளர்வது. உலகத்துக் கித்தார் தச்சர்கள் முன்பு பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தையே நாடினர். 1960-களின் இறுதியில் அம்மரம் கிடைப்பது அரிதானபொழுது, அவர்கள் பார்வை நம் ஈட்டியின்மேல் திரும்பிற்று. நாசரேத்தில் செய்யும் கித்தாருக்கும் மலபார்க் காட்டுக்கும் இவ்வாறு உறவு ஏற்பட்டது. பிரேசில் மரத்தின் வாணிகம் 1992-ல் சர்வதேச உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2017 ஜனவரியில் ஈட்டியும் அதன் இனத்து மரங்கள் அனைத்தும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இசைக் கலைஞர்கள் எல்லை கடந்து செல்வதில் நேர்ந்த இடர்ப்பாடுகளால், செய்து முடித்த வாத்தியங்களுக்கு மட்டும் 2019 நவம்பரில் விலக்கு அளிக்கப்பட்டது. மரத்துக்கு விலக்கு இல்லை. ஈட்டி முற்றி வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டியாகிவிட்ட மரத்தால் முன்பே செய்யப்பட்ட ஒரு வாத்தியத்தை மேலும் ஐம்பது ஆண்டு வாழவைத்தால், அதன் பொருட்டு மற்றொரு மரம் விழ வேண்டியதில்லை.

பிளவுபட்ட அந்தக் கித்தார் இன்றும் எங்களிடம் இருக்கிறது. குதிரையின் பின்னால் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. இத்தனை கோடைகளிலும் அது விரியவில்லை. ஐந்து மெட்டுகளையும் பெரியவர் சொன்னபடியே மாற்றினோம். ஓசையில் குறை வந்ததாக எங்கள் செவிக்குப் புலப்படவில்லை. என்றேனும் ஒருநாள் இது எங்களிடமிருந்தும் வேறொருவர் வீட்டுக்குப் போகும். அதற்காக வாத்தியப் பெட்டிக்குள் ஒரு தாளை எழுதிவைத்திருக்கிறோம். மேருவின் வடு, பெயர்ந்த குதிரை, பிளவு ஏற்பட்ட மாதம், ஒட்டிய பசை, மாற்றிய மெட்டுகள், போட வேண்டிய தந்தியின் கனம் எல்லாம் அதில் வரிசையாக உள்ளன. விலைக்குக் கேட்டு வருபவரின் கையில், கித்தாரைக் கொடுப்பதற்கு முன் அந்தத் தாளைக் கொடுப்பதென்று வீட்டில் முடிவுசெய்திருக்கிறோம்.